மலையேறி வரும் கடல்

பழனிமலை ஊர்களின் இளம் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்



பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்காலிலும் வில்பட்டியிலும் பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பிறந்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றுவரும் உங்களில் பலர் கடலை நேரிற் கண்டதில்லை. கடலைக் காண வேண்டுமானால் மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, மதுரையும் தாண்டி, தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ போயாக வேண்டும். அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய பணமும் ஒழிவும் உருளைக்கிழங்குக் காட்டிலும் வெள்ளைப்பூண்டுத் தோட்டத்திலும் பாடுபடும் குடும்பங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அப்படியிருந்தும் இம்மடலில் உங்களிடம் நான் பேச விரும்புவது கடலைப் பற்றித்தான். ஏனெனில், நூல் வாசிப்பு மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, இம்மலையும் அக்கடலும் ஆதிகாலந்தொட்டுத் தமக்குள் நடத்திவரும் கொடுக்கல் வாங்கலைக் காட்டிலும் பொருத்தமான விடை எனக்குத் தென்படவில்லை.

கல்வியைக் கடலுக்கு ஒப்பிடுவது நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால் அவ்வொப்புமையில் பெரும்பாலும் கடலின் பரப்பே முன்னிற்கும்: கரை காணாதது, ஆழம் அளக்கலாகாதது, ஒரு பிறவியில் நீந்திக் கடக்க முடியாதது. கம்பரே தம் அவையடக்கத்தில் இராமகாதையைப் பாற்கடலாகவும், தம்மை அதை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாகவும் வைத்துப் பேசினார். கவிச்சக்கரவர்த்தியின் வாயில் அது விநயம். கேட்க இனிமையாக இருக்கிறது. அதே எண்ணத்தை வகுப்பறையில் பதினைந்து வயதுப் பிள்ளையின் முன் நிறுத்தி, படித்தது எவ்வளவு, இனிப் படிக்க வேண்டியது எவ்வளவு என்று கணக்குக் கேட்கும்போதோ, அது அச்சத்தை விளைவிக்கிறதேயன்றி ஆசையை விளைவிப்பதில்லை. நூல்நிலையத்தின் வாசல்வரை வந்து, அடுக்கடுக்காய் நிற்கும் அலமாரிகளைக் கண்ட மாத்திரத்தில், இவ்வளவையும் எந்தக் காலத்தில் படித்து முடிப்பது என்று பின்வாங்கிப் போன பிள்ளைகளை என் ஆசிரியத் தொழிலில் எத்தனையோ முறை கண்டு வருந்தியிருக்கிறேன். கடலின் மகிமை அதன் விஸ்தீரணத்தில் மட்டும் இல்லை. தான் கிடக்கும் இடத்தை விட்டு அகலாமலே, தன்னைக் கண்ணாற் காணாத நிலங்களுக்கெல்லாம் அது தன்னை ஓயாமல் வழங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வண்மையைக் கரையோரத்தில் வாழ்பவர்களைவிட மலையில் வாழும் நீங்கள் நன்றாக அறியக்கூடியவர்கள்.

ஐப்பசி கார்த்திகையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலின் மேல் வெயில் காய்ந்து எழுகின்ற நீராவி, தன் உப்பையெல்லாம் கடலிலேயே விட்டுவிட்டு, வடகிழக்குப் பருவக்காற்றின் மேலேறி, சமவெளியைக் கடந்துவந்து, ஏழாயிரம் அடி உயர்ந்து நிற்கும் இம்மலைச்சுவரில் முட்டி மேகமாய் நிற்கிறது. மழையாய்ப் பொழிவது அதில் ஒரு பங்கு. மூடுபனியாய்ச் சோலைமரங்களின் இலைகளில் படிந்து சொட்டுச்சொட்டாய் இறங்குவது மற்றொரு பங்கு. சோலைக்குள் நீங்கள் போயிருக்கிறீர்கள். கால் வைத்தால் மக்கிய இலைப்படுகை கணுக்கால்வரை உள்வாங்கும். கையை விட்டுத் துழாவினால் பங்குனி மாதத்திலும் ஈரம் தட்டுப்படும். அங்கே விழுந்த நீர் உடனே ஓடிவிடுவதில்லை. பாசியிலும் வேரிலும் புகுந்து, மண்ணுக்குள் இறங்கி, பல நாள் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்து, மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, பெய்த இடத்துக்கு வெகுதூரத்தில் ஊற்றாய்ப் புறப்படுகிறது. வடசரிவில் பிறந்தது ஷண்முக நதியாய்ப் பழனியைத் தொட்டு, அமராவதியிற் கலந்து, காவிரியோடு மறுபடியும் வங்கக் கடலுக்கே போகிறது. தென்சரிவில் பிறந்தது மஞ்சளாறாகவும் மருதாநதியாகவும் இறங்கி வைகையைச் சேர்கிறது.

வாசித்த நூல் நமக்குள் செய்யும் காரியமும் இதுவேயாகும். ஒரு நூலை முடித்து வைத்த மறுநாளே, அதனால் நீ அடைந்த மாறுதல் என்ன என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. அதில் வந்த பெயர்கள் மறக்கும், வருஷங்கள் மறக்கும், ஆசிரியனுடைய காலத்துச் சச்சரவுகள் எல்லாம் உப்பைப்போல அவன் காலத்திலேயே தங்கிவிடும். தங்காமல் வந்து சேர்ந்தது எதுவோ அது உள்ளே இறங்கி, நாம் எதிர்பாராத சமயத்தில், ஒருவரிடம் பேசும் வார்த்தையிலோ, ஒரு துன்பத்தைத் தாங்கும் விதத்திலோ, ஒரு பொருளைப் பார்க்கும் பார்வையிலோ வெளிப்படும். ஆனால் இதற்கு நிலம் சோலையாக இருக்க வேண்டும். சென்ற நூற்றாண்டில் நம் புல்வெளிகளில் வாட்டிலும் பைனும் தைலமரமும் நட்டு வளர்த்த பின்பு பல ஊற்றுகள் வற்றிப்போயின என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மரத்தை வெட்டி மொட்டையாக்கிய சரிவிலோ எத்தனை மழை பெய்தாலும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. பரீட்சைக்கு முந்தின இரவில் கைடை வைத்துக்கொண்டு நெட்டுருப் போடும் பிள்ளையின் மனத்தில் பாடம் விழும் விதமும் அதுவே. பரீட்சை எழுத வேண்டியது அவசியம். கைடு வாங்குவதையும் நான் தடுக்கவில்லை. அதையே வாசிப்பு என்று எண்ணிக்கொண்டு, புத்தகம் என்றாலே சலிப்பு என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்பதே என் பிரார்த்தனை.

உள்ளே இறங்கிய வாசிப்பு எவ்வளவு காலம் கழித்து ஊற்றாகும் என்பதற்கு நம் மலையிலேயே ஒரு சரித்திரம் உண்டு. கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-இல் அமைந்தது. 1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் உலகமெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நான் எண்ணுவது அவருடைய மனைவியாரைப் பற்றி. மேரி எவர்ஷெட் அம்மையார் தம் இளமையில் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அந்நகரத்து மகாகவியான தாந்தேயின் பெருங்காப்பியத்தில் அவருக்கு ஈடுபாடு உண்டானது அப்போதுதான். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கே தென்வானத்து நட்சத்திரங்களைக் கற்று, அவற்றை இனங்காண்பதற்கு வழிகாட்டியாக ஒரு நூலை 1896-இல் வெளியிட்டார். விவாகமான பின் 1907-இல் கணவருடன் கோடைக்கானலுக்கு வந்து, அவரோடு கூடச் சூரியனின் அக்கினிச் சுடர்களை ஆராய்ந்தார். இத்தனைக்கும் நடுவில், பிளாரன்ஸில் படித்த அந்தக் காப்பியம் அவர் உள்ளத்தில் கிடந்து ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னாளில், 'தாந்தேயும் முற்கால வானியலாரும்' என்று பொருள்படும் பெயரில் அவருடைய பெருநூல் வெளிவந்தது. பண்டைய வானசாஸ்திரத்தின் வளர்ச்சியை முதலில் விரித்துரைத்து, அதன்பின் அக்கவிஞன் தன் பாட்டில் சூரிய சந்திரர்களையும் கிரகங்களையும் குறித்துச் சொன்னவற்றையெல்லாம் எடுத்து விளக்கும் நூல் அது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். தாந்தேயின் காப்பியத்தில் பாவம் கழுவப்படும் இடம் ஒரு மலை. அம்மலை, மனிதர் வாழாத தென்பாதி உலகின் மாகடலுக்கு நடுவே தனியாய் எழுந்து நிற்பது. பாதாளத்தின் இருளைக் கடந்து அங்கே வந்துசேரும் கவிஞன் முதன்முதலில் அண்ணாந்து பார்க்கும்போது தென்வானில் நான்கு விண்மீன்களைக் காண்கிறான். இத்தாலியை விட்டுத் தெற்கே வராத அக்கவிஞன் அவற்றைத் தன் கண்ணால் பார்த்திருக்க இயலாது. அவை தென்சிலுவை மண்டலமாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதியவர் பலர், மறுத்தவரும் உளர். அந்த வாதத்துக்குள் நான் புகவில்லை. சித்திரை வைகாசியில் மேகமில்லாத இரவொன்றில் கோடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் நின்று தெற்கே நோக்கினால், சமவெளியின் விளக்குகளுக்கு மேலே, அடிவானத்தை அடுத்து அத்தென்சிலுவையை நீங்களே காணலாம். கடல் சூழ்ந்த மலையைக் கற்பனையிற் கண்ட ஒரு கவிஞனைக் கடல் கடந்து வந்த ஒரு பெண்மணி மேகம் சூழ்ந்த நம் மலையில் அமர்ந்து படித்திருக்கிறார் என்பதை நினைக்குந்தோறும், இந்த ஊரின் மேல் எனக்குள்ள மதிப்பு உயர்கிறது. தாந்தேயைப் படிக்காதிருந்தாலும் அவர் நல்ல வானியலாராகவே இருந்திருப்பார். படித்ததனால், வானத்தைப் பார்க்கும்போது தம் காலத்துக்கு அறுநூறு ஆண்டு முந்திய மனிதர் அதைப் பார்த்து வியந்த வியப்பும் அவர் கண்ணோடு சேர்ந்து பார்த்தது.

அயலவர் கதை போதும். நம் கதைக்கு வருவோம். பழனிக்குச் சங்ககாலப் பெயர் பொதினி. ஆவியர் குடியைச் சேர்ந்த வையாவிக் கோப்பெரும் பேகன் இந்நாட்டின் தலைவன். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் என்று இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் உங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தந்தை காலத்தில் இம்மலையடிவாரத்தில் எத்தனை பேர் அவனை அறிந்திருப்பார்கள்? அவனைப் பாடிய பாட்டுகள் ஏட்டுச்சுவடிகளில், மடங்களிலும் வித்துவான்களின் வீடுகளிலும், பூச்சி அரித்தது போக எஞ்சிக் கிடந்தன. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப், கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையரைப் பார்த்து, அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் படித்ததோடு நின்றுவிட்டீர்களே, அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற கருத்துப்படக் கேட்டதும், அக்கேள்வியால் ஐயரவர்களின் வாழ்வே திசை திரும்பியதும் நீங்கள் அறிந்தவை. அப்பழைய நூல்களுள் ஒன்றாகிய சமணக் காப்பியம் சீவகசிந்தாமணி விளங்காமற்போகவே, சைவச் சூழலில் வளர்ந்த அப்பெரியார் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று, அவர்கள் சமயக் கொள்கைகளைச் சிரத்தையோடு கேட்டறிந்தார். ஒரு நூல் தன்னை வாசிப்பவனை அவன் அதுவரை ஏறாத வீட்டுப் படியில் ஏற்றிவிடும் என்பதற்கு இதைவிட உத்தமமான திருஷ்டாந்தம் தமிழ்நாட்டில் இல்லை. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1894-இல் புறநானூறு என்று அவருடைய பதிப்புகள் வெளிவந்தன. காவிரிக்கரையில் ஒருவர் கண் விழித்து வாசித்ததனால் பொதினி மலைக்கு அதன் பேகன் திரும்பக் கிடைத்தான்.

மயிலுக்குப் போர்வை தந்த செய்தியோடு நீங்கள் நிறுத்திவிடக் கூடாது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை தொடர்ந்து வரும் ஐந்து பாட்டுகளையும் எடுத்துப் படியுங்கள். தன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டுவிட்டு வேறொருத்தியின் மனையில் வாழ்ந்தவன் பேகன். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் போய், எங்களுக்குப் பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம், நீ அவளிடம் திரும்பிப் போவதே நாங்கள் கேட்கும் பரிசில் என்ற கருத்துப்பட வேண்டி நின்றார்கள். குளிரில் நடுங்கும் என்று ஒரு பறவைக்கு இரங்கியவன், வாசலில் கண்ணீரோடு நிற்பவளுக்கு இரங்கவில்லை! பாடப்புத்தகத்துப் பேகன் முழுவதும் நல்லவன். புறநானூற்றுப் பேகனோ நம்மைப்போன்ற மனிதன், ஓரிடத்தில் அருள் சுரந்து மற்றோரிடத்தில் கல்லாய் நின்றவன். அவனிடம் அஞ்சாமல் உண்மை பேசிய புலவர்களின் நெஞ்சுரமும் அப்பாட்டுகளில் இருக்கிறது. இவற்றைப் படித்த ஒருவன், தன் வீட்டில் பேசாமலிருக்கும் ஒருத்தியின் மௌனத்தை முன்போல் கவனியாமல் கடந்துபோவது கடினம். வாசிப்பு மனிதனை மாற்றுகிறது என்று நான் சொல்வது இத்தகைய மாற்றத்தையே.

கடலையும் நம் மலையையும் சேர்த்துவைத்த வேறொரு பெருநூலும் உண்டு. பழனியைச் சேர்ந்த திருஆவினன்குடியை மூன்றாம் படைவீடாகப் பாடும் திருமுருகாற்றுப்படையை நக்கீரர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? மயில்மேல் விளங்கும் முருகனுடைய பேரொளிக்கு அவர் கண்ட முதல் உவமை, கடலின்மீது எழும் கதிரவன். குறிஞ்சிக் கிழவனைப் பாடப் புகுந்த புலவர் நெய்தற் காட்சியைக் கொண்டு ஆரம்பிக்கிறார். கோடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலின் பின்புறம் நின்றால் பழனி தெரியும் என்று சுற்றுலா வருவோர்க்கெல்லாம் நீங்கள் காட்டியிருப்பீர்கள். அக்கோயிலை 1936-இல் கட்டுவித்தவரும் கடல் கடந்து வந்த ஒரு வாசகியே. ஹாரிசன் என்ற மேனாட்டுப் பெண்மணியாகிய அவர், இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் யோவான் சுவிசேஷத்துக்குக் கூறிய விளக்கத்தை 1902-இல் பதிப்பித்தார். தாம் பிறந்த சமயத்தின் வேதநூலுக்கே ஒரு சைவத்தமிழர் கூறிய பொருளில் தோய்ந்தவர், பின்னர் அவரையே மணந்து, லீலாவதி என்ற பெயரும் பூண்டு, தமிழ்ப் பெண்களின் கல்விக்கும் முருகன் திருப்பணிக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தார். மலையடிவாரத்து வத்தலக்குண்டும் இவ்வகையில் சாமானியமான ஊரன்று. தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றாகிய கமலாம்பாள் சரித்திரத்தை எழுதி, 26 வயதிலேயே மறைந்த ராஜம் ஐயர் அவ்வூர்க்காரர். 'எழுத்து' பத்திரிகையை 1959-இல் தொடங்கி, புத்தக மூட்டையைத் தாமே சுமந்து ஊர் ஊராய் விற்ற சி. சு. செல்லப்பாவும் அவ்வூரோடு உறவுடையவர். நீங்கள் வாரந்தோறும் பஸ் மாறும் ஊர் அது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள், விடியற்காலைப் பனியில் மண்வெட்டியோடு இறங்குகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல உரிமையுண்டு. நிரம்பப் படித்தும் நெஞ்சம் இறுகிப்போனவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆகையால் படித்தவனெல்லாம் நல்லவனாகிவிடுவான் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்க மாட்டேன். மழை எல்லாச் சரிவிலும் பெய்கிறது. எனினும் மேகமே வராத மலையில் சோலை உண்டாக வழியில்லை அல்லவா? அதனாற்றான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். அன்றைய நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. அதற்காக அயராது உழைத்தவர் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து நூலகத்துறையின் ஆசானாய் விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகனும் உண்டு என்பது அவர் 1931-இல் வகுத்த விதிகளின் சாரம். உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே செலுத்தப்படுகிறது. ஆகவே கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் உள்ள நூல்களை எடுத்துப் படிப்பது உங்கள் பாத்தியதை, எவருடைய தயவும் அன்று. உறுப்பினர் சீட்டு இல்லாதவர்கள் இம்மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கேட்ட நூல் அங்கே இல்லையென்றால், இல்லையே என்று திரும்பிவிடாமல் நூலகரிடம் அதன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்துப் பேர் எழுதிக் கேட்ட நூல் வராமற்போவது அரிது. எடுத்த நூலை நிதானமாகப் படியுங்கள். பிடித்த பக்கத்தை மறுபடியும் படியுங்கள். பிடிக்காத நூலை ஐம்பது பக்கத்தில் மூடிவிட்டு வேறொன்றை எடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

மலையூர் நூலகங்களுக்கு மட்டுமே உரிய ஒரு கஷ்டமும் இருக்கிறது. மார்கழி முடிவதற்குள் பனியீரம் ஏறித் தாள்கள் உப்பி, அட்டையின் உட்புறம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்துவிடும். பிசின் விட்டுப்போய்ப் பக்கங்கள் கழன்று வரும். மாசி வெயில் தொடங்கியவுடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஊருக்கு நாலைந்து பேர் நூலகரிடம் சொல்லிவைத்துக்கொண்டு போய், நூல்களை வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் விரித்து உலர்த்தி, மெல்லிய துணியால் துடைத்து, அலமாரியில் வசம்புத் துண்டுகள் இட்டு மறுபடி அடுக்கிக் கொடுங்கள். தாண்டிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் இதை முன்னின்று தொடங்குவதாய் இருந்தால் நானும் வருகிறேன். அன்று மத்தியானம் உணவுக்குப் பின், பேகனைப் பற்றிய அவ்வைந்து பாட்டுகளையும் உரையோடு சேர்ந்து வாசிக்கலாம். புறநானூற்றின் உரைப்பிரதி ஒன்று என்னிடம் உண்டு, மற்றொன்று கிடைத்தால் எடுத்துவாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் மலையில் தமிழ் கற்பித்த ஓர் ஆசிரியன்